முகாம் தம்பதியரின் குடியுரிமை: தமிழ்நாட்டின் 57 நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு,

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதோடு ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9-ஆம் தேதி வரை இந்தியாவில் அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்கான தண்டனை இனி இல்லை என்கிறது அந்த ஆணை. அந்தச் செய்தி வந்ததிலிருந்து முகாம்களில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "அப்போ குடியுரிமைக்கு எழுதிப் போடலாமா?" போடலாம், ஆனால் நிற்காது என்பதுதான் உண்மையான பதில். அது ஏன் நிற்காது, நிற்க வைக்க நீங்கள் என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லவே இந்த மடல். முகாம் பதிவில் உள்ள தம்பதியரும், அவர்களுக்கு மனு எழுதிக்கொடுத்து வருபவர்களும் சேர்ந்து எழுதுகிறோம்.

1983 முதல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து வந்தார்கள். 2021-இல் மாநில அரசு தந்த கணக்குப்படி முகாம்களில் 58,000-க்கும் மேற்பட்டோரும், காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வாழும் வெளிப்பதிவுக்காரர்கள் 34,000-க்கும் மேற்பட்டோரும் இருந்தார்கள். அந்த ஆண்டுதான் 'அகதிகள் முகாம்' என்ற பலகை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. நல்ல மாற்றம்தான். ஆனால் குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் அந்தப் பலகைக்குப் பின்னால் வாழ்பவரின் பெயர் இன்னும் 'சட்டவிரோதக் குடியேறி'.

கல்யாணத்தில் இருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் இந்த முத்திரை அங்கேதான் வீட்டை இரண்டாக வெட்டுகிறது.

இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர் ஏழாண்டுகள் இங்கே வசித்திருந்தால் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம் என்கிறது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவு. முகாமில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டு இருந்தவருக்கு ஏழாண்டு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 5(1) பிரிவு தொடங்கும்போதே, விண்ணப்பிப்பவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறது. இயல்புரிமை (நீண்டகால வசிப்பைக் காட்டிக் குடியுரிமை கேட்பது) வழியாகக் கேட்கலாமென்றால் 6-ஆம் பிரிவிலும் அதே தடை. கடைசிப் பன்னிரண்டு மாதம் தொடர் வசிப்பும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் 11 ஆண்டு வசிப்பும் இருந்தால் போதும் என்பது 6-இன் கணக்கு. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. எல்லாத் தகுதியும் இருந்தும் அந்த ஒரு சொல்லில் மனு விழுந்துவிடுகிறது.

அந்தச் சொல்லுக்கு 2(1)(பி) தரும் விளக்கம் இது: செல்லுபடியாகும் பயண ஆவணம் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர், அல்லது ஆவணத்தோடு நுழைந்து அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவர். தனுஷ்கோடி அரிச்சல்முனை மணல்திட்டில் படகு இறக்கிவிட்டவர் முதல் வகை. விமானத்தில் வந்து, போர் முடியாததால் திரும்பாமல் விசா காலாவதியானவர் இரண்டாம் வகை. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டுச் சிறுபான்மையினரை இந்த விளக்கத்திலிருந்து வெளியே எடுத்தது. எப்படி எடுத்தது என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்கு 2015-லேயே கடவுச்சீட்டு விதிகளிலிருந்து விலக்கு ஆணை கிடைத்திருந்தது. அந்த விலக்கு மட்டும் போதவில்லை. விலக்குப் பெற்றவரைச் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதக் கூடாது என்று குடியுரிமைச் சட்டத்திலேயே ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. இலங்கைத் தமிழருக்கு 2025 செப்டம்பரில் முதல் படி கிடைத்துவிட்டது. இரண்டாவது படியான அந்த ஒரு வரி இல்லை. சிறைக்கு அனுப்ப மாட்டோம், குடிமகனாகவும் ஏற்க மாட்டோம் என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

இனி பிள்ளைகள். இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் இந்தியப் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தந்தை 1990-இல் படகில் வந்து முகாமில் பதிவானவர். மூன்று பிள்ளைகள்: 2001-இல் ஒன்று, 2004 மார்ச்சில் ஒன்று, 2006-இல் ஒன்று. மூவரும் ஒரே அரசு மருத்துவமனையில் பிறந்தவர்கள். மூன்று பிறப்புச் சான்றிதழிலும் தாய் தந்தை பெயர் ஒன்றே, முகவரி ஒன்றே. முதல் இருவரும் இந்தியக் குடிமக்கள். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும் என்பது அப்போதைய சட்டம். 2004 டிசம்பர் 3-ஆம் தேதி அந்தச் சட்டம் மாறியது. அன்றிலிருந்து பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமல் இருக்க வேண்டும். கடைக்குட்டி அந்த வரியில் விழுந்துவிட்டது. அண்ணனும் அக்காவும் வாக்காளர் அட்டை வாங்கிக் கடவுச்சீட்டுக்கு எழுதுகிறார்கள். மூன்றாவது பிள்ளையிடம் இருப்பது ஆதார் அட்டை. ஆதார் குடியுரிமைக்குச் சான்று ஆகாது.

இந்த மூன்றாவது பிள்ளைக்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, யாரும் அதைச் சொல்வதில்லை. 5(4) பிரிவின்படி, சிறப்புச் சூழ்நிலை இருப்பதாக ஒன்றிய அரசு கருதினால் பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் குடிமகனாகப் பதிவு செய்யலாம். 5(1)-இல் இருக்கும் சட்டவிரோதக் குடியேறி என்ற தடை 5(4)-இன் வாசகத்தில் இல்லை. ஆனால் பதினெட்டு வயது ஆன அன்று இந்தக் கதவு மூடிவிடும். 2006-இல் பிறந்தவர்களுக்கு அது 2024-லேயே மூடிவிட்டது. 2008-இல் பிறந்தவர்களுக்கு 2026 முழுவதும், ஒவ்வொரு பிறந்தநாளாக மூடிக்கொண்டிருக்கிறது. இந்த மடலில் அவசரமான செய்தி இதுதான்.

அடுத்து, இருவருமே முகாமில் பிறந்த தம்பதி. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். ஆகவே 1986-இல் பிறந்த கணவர், தெரிந்தோ தெரியாமலோ, இந்தியக் குடிமகன். 1988-இல் அதே முகாமில் பிறந்த மனைவி வெளிநாட்டவர்.

அந்த மனைவி சட்டவிரோதக் குடியேறியா? சட்டத்தின் வினைச்சொல்லைப் பாருங்கள்: 'நுழைந்த' வெளிநாட்டவர். இங்கேயே பிறந்தவர் எந்த எல்லை வழியாக நுழைந்தார்? மருத்துவமனைப் பிரசவ அறையில் பிறந்தவரை நுழைந்தவராகக் கருத முடியாது என்பது எங்கள் வாசிப்பு. அது சரியென்றால், அவர் 5(1)(சி)-இன்கீழ் கணவரைக் காட்டி இன்றே மனுப் போடலாம். 2004-க்குப் பிறகு பிறந்த அவர்களின் பிள்ளைகள் பிறப்பாலேயே குடிமக்கள் ஆகிவிடுவார்கள். ஒரு குடும்பம் முழுவதன் வாழ்வும் ஒரு வினைச்சொல்லில் தொங்குகிறது. உள்துறை அமைச்சகம் ஒரு பக்கச் சுற்றறிக்கையில் இதைத் தெளிவாக்கிவிட முடியும்.

சட்டம் இடம் கொடுத்தாலும் படிவம் கொடுப்பதில்லை. 5(1)(சி)-க்கான மூன்றாம் படிவம் கேட்பவை: செல்லுபடியாகும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு, வசிப்பு அனுமதி, கணவர் அல்லது மனைவியின் இந்தியக் கடவுச்சீட்டு அல்லது பிறப்புச் சான்று, திருமணச் சான்று. 6-ஆம் பிரிவுக்கான எட்டாம் படிவத்தில் இவற்றோடு தன் பிரமாணப் பத்திரம், நன்னடத்தைக்கு இரண்டு இந்தியர்களின் பிரமாணப் பத்திரம், மொழிச் சான்று இரண்டு, விண்ணப்பிக்கும் எண்ணத்தை அறிவித்த இரண்டு நாளிதழ் நறுக்குகள். பிரமாணப் பத்திரத்தையும் நறுக்கையும் எப்பாடுபட்டாவது சேர்த்துவிடலாம். முதல் இரண்டும்தான் ஆளை வீழ்த்துகின்றன.

முகாமில் பிறந்த பெண் கடவுச்சீட்டு வாங்க வேண்டுமென்றால் முதலில் காகிதத்தில் இலங்கையர் ஆக வேண்டும். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். அதை வைத்து இலங்கைக் குடியுரிமைச் சான்று. அதை வைத்துக் கடவுச்சீட்டு. பிறப்பைப் பதியப் பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றும் கல்யாணச் சான்றும் வேண்டும். இடம்பெயர்வில் தொலைந்தவற்றுக்கு ஊரில் இருக்கும் உறவினர் யாராவது கச்சேரிக்கு (அங்குள்ள அரசு அலுவலகம்) நடந்து நகல் எடுத்து அனுப்ப வேண்டும். போர்க்காலத்தில் தாலி கட்டியதோடு சரி, ஊரில் 'எழுத்து' என்று சொல்லும் பதிவு நடக்காத கல்யாணங்கள் எத்தனையோ. எழுத்து இல்லையென்றால் பிள்ளையின் ஆவணத்தில் தந்தை பெயரே சிக்கல். இத்தனையும் தாண்டிக் கடவுச்சீட்டு கைக்கு வந்தால் அதில் இந்திய விசா முத்திரை இருக்காது. இங்கேயே பிறந்தவருக்கு விசா எங்கிருந்து வரும்? வசிப்பு அனுமதி என்ற கட்டம் காலியாகவே நிற்கும். இந்தியர் ஆவதற்காக இலங்கையராகி, கடைசியில் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்.

பெயர் எழுத்துக்கூட்டல் இன்னொரு பொறி. கந்தசாமி என்ற பெயரை இலங்கைப் பதிவாளர் ஆங்கிலத்தில் 'த'-வுக்கு 'T', 'H' இரண்டையும் போட்டு எழுதியிருப்பார். இங்கே வந்திறங்கியபோது காதால் கேட்டு எழுதியவர் 'D' என்ற ஒரே எழுத்தைப் போட்டிருப்பார். ஆறுமுகத்துக்கு அங்கே 'கே', இங்கே 'ஜி'. தந்தை பெயர் ஓர் ஆவணத்தில் முன்னெழுத்தாகவும் இன்னொன்றில் குடும்பப் பெயராகவும் இருக்கும். தமிழில் ஓரெழுத்து மாறாத பெயர் ஆங்கிலத்தில் இரண்டு ஆட்களாகிவிடுகிறது. பிறகு 'இருவரும் ஒருவரே' என்று வட்டாட்சியரிடம் சான்று வாங்க அலைய வேண்டும். முகாம் பதிவேட்டின் முதல் பக்கத்தை அலுவலகம் சான்றொப்பமிட்டுக் கொடுத்தால் பாதித் தொல்லை தீரும். பழைய பதிவேடுகள் நைந்துகொண்டிருக்கின்றன, அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

கல்யாணப் பதிவிலும் கவனம் வேண்டும். 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு அடுத்த 60 நாள். முகாம்காரரிடம் கடவுச்சீட்டு கேட்டுப் பதிவாளர் திருப்பி அனுப்பினால் அந்த நாட்கள் கரைந்துவிடும். சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் போனால் 30 நாள் அறிவிப்பு வேறு. கல்யாணத்துக்குப் பிறகு ஒருவர் மற்றவரின் முகாமுக்கோ வெளியூருக்கோ போகும்போது பழைய முகாமில் பெயரை நீக்கி, புதிய இடத்தில் ஏற்ற மாதக்கணக்கில் ஆனால், வசிப்பைக் காட்டும் சங்கிலியில் அந்த மாதங்கள் ஓட்டையாகிவிடும். பன்னிரண்டு மாதம் தொடர் வசிப்பு என்று சட்டம் கேட்கும்போது அந்த ஓட்டை பெரிதாகத் தெரியும். பெயர் நீக்கத்துக்கு முன்பே 'இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இங்கே வசித்தார்' என்று எழுதி வாங்கிக்கொள்ளும்படி நாங்கள் தம்பதியருக்குச் சொல்லி வருகிறோம். அலுவலகமே கேட்காமல் கொடுக்க வேண்டிய காகிதம் அது.

எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப் போனால், வாங்குபவர் வாய்மொழியாக "இது உங்களுக்குப் பொருந்தாதும்மா" என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டால் கதை முடிந்தது. 14-ஆம் பிரிவின்படி மனுவை நிராகரிக்க அரசு காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நிராகரித்து எழுத்தில் ஓர் உத்தரவு வந்தால் 15, 15ஏ பிரிவுகளின்கீழ் முப்பது நாளுக்குள் மறுசீராய்வு கேட்கலாம், நீதிமன்றம் போகலாம். வாங்காத மனுவுக்கு உத்தரவு ஏது, சீராய்வு ஏது?

வேறு மாதிரிச் செய்ய முடியாதா என்றால், செய்துதான் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில் வந்த விதிகள் மூன்று நாட்டவருக்குக் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்கவில்லை. பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று, உரிமம், நில ஆவணம், பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி அந்த நாட்டவர் என்று காட்டும் காகிதம் என எது இருந்தாலும் ஏற்கிறார்கள், காலாவதியாகியிருந்தாலும் சரி. அதற்கு முன் 2021 மே 28-ஆம் தேதி, 16-ஆம் பிரிவைப் பயன்படுத்தி குஜராத், ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஹரியானா, பஞ்சாப் ஆகிய மாநிலங்களில் 13 மாவட்ட ஆட்சியர்களுக்கே குடியுரிமை வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்ததில் எங்களுக்கு மகிழ்ச்சியே. முகாம் குடும்பத்தைப் போலத் தவறாமல் வசிப்பு பதியப்பட்ட வெளிநாட்டவர் இந்தியாவில் வேறு யாரும் இருப்பார்களா என்று மட்டும் கேட்கிறோம். ரோல்கால் (ஆள் கணக்கெடுப்பு) எடுத்தது அரசு, கையெழுத்து வாங்கியது அரசு, காவல்துறையின் உளவுப் பிரிவான க்யூ பிராஞ்ச் விசாரித்து வைத்த கோப்பும் அரசிடமே இருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

2(1)(பி)-இல் சேர்க்க வேண்டிய அந்த ஒரு வரியை மசோதாவாகக் கொண்டுவாருங்கள். தனிநபர் மசோதாவாக இருந்தாலும் சரி, 57 பேரும் கட்சி பாராமல் கையெழுத்திடுங்கள். 2025 செப்டம்பர் ஆணையில் அடங்கும் அனைவருக்கும் அது பொருந்த வேண்டும். மதம் பார்க்கக் கூடாது. ஒரே படகில் இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் வந்தார்கள். அனைவருக்கும் உடனே முடியாதென்றால், இந்தியக் குடிமக்களை மணந்தவர்களுக்காவது முதலில் செய்யுங்கள்.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவை சில உண்டு. இந்தியாவில் பிறந்தவர் 'நுழைந்தவர்' ஆகமாட்டார் என்று சுற்றறிக்கை வெளியிடும்படி உள்துறை அமைச்சகத்துக்கு எழுதுங்கள். கடவுச்சீட்டு, வசிப்பு அனுமதி ஆகிய இரு கட்டங்களிலும் முகாம் அல்லது வெளிப்பதிவு அடையாள அட்டையை ஏற்க வேண்டும் என்று கேளுங்கள். முகாம்கள் உள்ள மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கு 16-ஆம் பிரிவின்கீழ் அதிகாரம் கேளுங்கள்.

உங்கள் தொகுதியில் உள்ள முகாம்களில், பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்து 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த, பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளின் பட்டியலை மூன்று மாதத்துக்குள் எடுங்கள். பதினெட்டை நெருங்குபவர்களை முதலில் வைத்து, 5(4)-இன்கீழ் மனுக்களை உங்கள் பரிந்துரையோடு அனுப்புங்கள்.

மாவட்டத் திஷா (வளர்ச்சிப் பணி ஒருங்கிணைப்பு, கண்காணிப்புக் குழு) கூட்டங்களில் ஆட்சியரோடு அமர்பவர்கள் நீங்கள். எந்தக் குடியுரிமை மனுவையும் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திருப்பக் கூடாது, நிராகரித்தால் எழுத்தில் தர வேண்டும் என்று அங்கே பதிவு செய்யுங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் முகாம்களில் பிறந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் ஏற்கெனவே குடிமக்கள் என்பதைச் சொல்ல முகாம்தோறும் ஒரு நாள் ஒதுக்கச் சொல்லுங்கள். அதே நாளில் திருமணப் பதிவும் பெயர்த் திருத்தமும் பதிவேட்டு நகலும் ஒரே மேசையில் கிடைக்கட்டும்.

ஊர் திரும்ப விரும்புவோரும் முகாம்களில் இருக்கிறார்கள். குடியுரிமை மனு விருப்பத்தின்பேரில் மட்டுமே இருக்க வேண்டும். மனுப் போடாதவருக்கு அரசு தரும் மாதப் பணக்கொடையையோ திரும்பிப்போகும் உரிமையையோ அது தொடக் கூடாது என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

அடுத்த கூட்டத்தொடரில் ஒரு நட்சத்திரக் கேள்வி எழுப்புங்கள்: தமிழ்நாட்டு முகாம்களிலிருந்தும் வெளிப்பதிவிலிருந்தும் 5(1)(சி), 5(4), 6 ஆகிய பிரிவுகளின்கீழ் இதுவரை எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை அமைச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை எந்தக் காரணத்தால் நிற்கின்றன, மாவட்ட வாரியாக. அந்தப் பதிலின் நகலை ஒவ்வொரு முகாம் அறிவிப்புப் பலகையிலும் தமிழில் ஒட்டச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
முகாம் பதிவிலும் வெளிப்பதிவிலும் உள்ள தம்பதியர்